பீட்டர் கன் டிவிடி பார்த்தவர்கள் சொல்லுங்கள்: எந்த பிரிண்ட் (பிலிம் பிரதி), எத்தனை நிமிடம்?

ரீல்பெட்டி

பீட்டர் கன் என்ற பழைய அமெரிக்கத் துப்பறியும் டிவி தொடரை டிஸ்க்கில் முழுதாகப் பார்த்தவர்கள் கவனித்ததை இங்கே போடுங்கள். "சூப்பர் செட்", "மட்டமான செட்" என்ற தீர்ப்பு யாருக்கும் உதவாது. எந்த சீசன், எத்தனை நிமிடம் ஓடுகிறது, படம் எங்கே உடைகிறது, சத்தம் எப்படி என்று சொன்னால் வாங்கப்போகிறவருக்குப் பிரயோஜனம்.

அடிப்படைக் கணக்கு: 1958 செப்டம்பரில் என்பிசி டிவியில் தொடங்கி, மூன்றாவது சீசனுக்கு ஏபிசிக்கு மாறி, 1961இல் முடிந்தது. சீசனுக்கு 38 வீதம் 114 எபிசோடு. எல்லாம் கறுப்பு வெள்ளை, அரை மணி நேர ஸ்லாட்.

டிவிடியில் கிடைப்பவை மூன்று ரகம். 2002இல் வந்த இரண்டு செட், ஒவ்வொன்றிலும் 16 எபிசோடு. இரண்டையும் வாங்கினாலும் 32தான், முதல் சீசனிலேயே 6 குறையும். அடுத்தது 2012இல் வந்த முழுத் தொடர், 12 டிஸ்க், கூடவே தொடருக்கு இசையமைத்த ஹென்றி மான்சினியின் இசையோடு ஒரு சிடி. மூன்றாவது ரகம், பல தொடர்களிலிருந்து இரண்டு மூன்று எபிசோடுகளைப் பொறுக்கிக் கலந்து கட்டிய மலிவுப் பெட்டிகள். அமெரிக்காவில் 1964க்கு முன் வெளியான படைப்புகளுக்கு 28ஆம் ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. புதுப்பிக்கத் தவறிய துப்பறியும் எபிசோடுகள் இப்படி யார் வேண்டுமானாலும் விற்கும் சரக்காகிவிட்டன. அவற்றில் யார் கையிலிருந்த எந்த பிரிண்ட் வரும் என்பது லாட்டரிதான்.

தேடும்போது இன்னொரு குழப்பம் வரும். 1967இல் 'கன்' என்று ஒரு சினிமாவும், 1989இல் பீட்டர் ஸ்ட்ராஸ் நடித்த ஒரு டிவி படமும் உண்டு. இரண்டும் கலர். அட்டையில் கலர் படம் இருந்தால் ஆண்டைப் பாருங்கள்.

கத்திரிக்கோல்

பெட்டியின் பின்பக்கம் இருக்கும் மொத்த நிமிடத்தை நம்பாதீர்கள். பிளேயரில் எபிசோடைப் போட்டு, டிஸ்ப்ளேயில் ஓடும் நேரத்தைப் பாருங்கள்.

அந்தக் காலத்து அரை மணித் தொடர் விளம்பரம் போக 25, 26 நிமிடம் இருக்கும். பிறகு உள்ளூர் நிலையங்களுக்கு மறு ஒளிபரப்புக்குப் போனபோது கூடுதல் விளம்பரத்துக்கு இடம் வேண்டும் என்று 22, 23 நிமிடமாக வெட்டினார்கள். டிஸ்க்கில் 22 என்று வந்தால் அது வெட்டிய பிரிண்ட். மூன்று நிமிடம்தானே என்று விட்டுவிட முடியாது. வெட்டுகிறவர் கதையில் கை வைக்க மாட்டார், வைத்தால் புதிர் புரியாமல் போய்விடும். கதைக்கு வேண்டாததாகத் தோன்றும் இடத்தில்தான் முதல் கத்திரி விழும்: மதர் என்ற பெண்மணி நடத்தும் கிளப்பில் கன்னின் காதலி ஈடி பாடும் பாட்டு, போலீஸ் லெப்டினன்ட் ஜேக்கபியும் கன்னும் சும்மா பேசிக்கொள்ளும் அரை நிமிடம், யாரோ ஈரத் தெருவில் நடந்து போவது. இந்தத் தொடரை எதற்காகப் பார்க்கிறோமோ அதுவே போய்விடும்.

வெட்டைக் கண்டுபிடிக்க இரண்டு இடம் பாருங்கள். தலைப்புக்கு முன் வரும் கொலைக் காட்சி திடீரென்று நடுவில் தொடங்குகிறதா? கிளப் காட்சியில் இசை ஒரு தாளத்தின் பாதியில் துள்ளிக் குதிக்கிறதா? படத்தில் வெட்டை மறைக்கலாம், பாட்டில் மறைக்க முடியாது.

இதிலேயே ஒரு பொறி உண்டு. ஐரோப்பிய டிவி முறையான பால் (PAL) டிஸ்க்காக இருந்தால் 26 நிமிட எபிசோடு 25 நிமிடமாகத்தான் ஓடும். அது வெட்டு இல்லை. நொடிக்கு 24 பிரேம் படத்தை 25ஆக ஓட்டுவதால் 4 சதவீத வேகம் கூடுகிறது. கூடவே சுருதியும் முக்கால் அரைஸ்வரம் அளவுக்கு ஏறும். தீம் இசையின் அந்த பாஸ் வரி எஃப் (F) ஸ்வரத்தில் தொடங்கும். போனில் ஒரு கீபோர்டு ஆப்பைத் திறந்து எஃப் கட்டையை அழுத்திப் பாருங்கள். டிஸ்க்கில் வருவது எஃப் ஷார்ப் பக்கமாக இழுத்தால் பால் வேகம்தான் காரணம்.

ஹைஹாட்

கத்திரிக்கோல் அண்ணன் சொன்னதோடு சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிண்ட் எதுவென்று கண்ணைவிடக் காது சீக்கிரம் சொல்லிவிடும்.

தொடர் 35 மி.மீ. பிலிமில் எடுத்தது. நிலையங்களுக்குப் போனது 16 மி.மீ. பிரிண்ட். 16இன் பிரேம் பரப்பு 35இல் கால்பங்கு கூட வராது, அதனால் மணல் மணலாக இருக்கும், முகத்தின் விளிம்பு மெழுகு போல வழியும். ஒலிப் பட்டையும் அப்படியே. 16 மி.மீ. பிலிமின் ஓரத்தில் ஒளியால் பதிந்த ஒலியில் 6, 7 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது. வசனம் கேட்க அது போதும். ஜாஸ் கேட்கப் போதாது. கிளப் காட்சியில் டிரம்மர் பிரஷ்ஷால் தடவும்போது 'ஸ்ஸ்' என்ற இழை கேட்டால் நல்ல மூலம். வெறும் 'டப் டப்' மட்டும் வந்தால் 16 மி.மீ., அல்லது இரைச்சலைக் குறைக்கிறேன் என்று யாரோ மேல் ஒலியை முழுக்கச் சீவியிருக்கிறார். சீவியதா, இல்லவே இல்லையா என்று பிரிக்க, யாரும் பேசாத நொடியில் வால்யூமை ஏற்றுங்கள். பிலிமின் மெல்லிய இரைச்சல் இருந்தால் சீவவில்லை. கிணற்றுக்குள் இருப்பதுபோல் சுத்த மௌனம் என்றால் சீவியாயிற்று.

போனஸ் சிடி பற்றி ஒன்று. மான்சினியின் பீட்டர் கன் ஆல்பம் 1959இல் முதல் கிராமி விழாவிலேயே ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது வாங்கியது. தீமில் பியானோ வாசித்தவர் பிற்பாடு சினிமா இசையில் பெரிய ஆளான ஜான் வில்லியம்ஸ். ஆனால் ஆல்பத்தில் இருப்பது இசைத்தட்டுக்காகத் தனியே வாசித்துப் பதிந்தது, எபிசோடில் பின்னணியாக ஓடிய அதே பதிவு இல்லை. இரண்டும் ஒன்றுபோல் இல்லையே என்று டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள்.

மழைக்கோட்டு

ஒரே பெட்டிக்குள் ஒரு எபிசோடு பளிச்சென்றும் அடுத்தது சாம்பல் பூசியதுபோலவும் வருவதைச் சிலர் டிஸ்க் கோளாறு என்று திருப்பி அனுப்புகிறார்கள். மாற்றி வரும் பெட்டியும் அப்படித்தானே இருக்கும்?

ரீல்பெட்டி

அப்படித்தான் இருக்கும். எல்லா எபிசோடுக்கும் ஒரே தர மூலம் கிடைக்காதபோது, கிடைத்த பிரிண்டை வைத்து இடைவெளியை நிரப்புவார்கள். மூலம் மங்கல் என்றால் எந்தப் பிரதியை மாற்றினாலும் மங்கல்தான். சோதனை எளிது: அதே இடத்தில் இரண்டு பிளேயரில் ஓட்டுங்கள். கோடு, தூசி, மங்கல் இரண்டிலும் ஒரே மாதிரி வந்தால் பிரிண்ட். சதுரம் சதுரமாக உடைவது, உறைந்து நிற்பது, ஒலி விக்குவது ஒன்றில் மட்டும் வந்தால் டிஸ்க்கோ பிளேயரோ. திருப்பி அனுப்ப வேண்டியது இரண்டாவது ரகம் மட்டுமே.

நியான்

பிரிண்ட் நன்றாக இருந்தும் படம் உடையும் இடங்கள் உண்டு. இந்த வகைத் தொடருக்கே உரிய சாபம் அது. சிகரெட் புகை, மழை, இருட்டுச் சந்து, ஜன்னல் பிளைண்ட்ஸ் நிழல். நிழலும் இருட்டுமான நுவார் குற்றப்பட பாணிக்கு அழகு சேர்க்கிற அத்தனையும் டிவிடியில் படத்தைச் சுருக்கும் எம்பெக்-2 முறைக்கு எமன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 114 எபிசோடை 12 டிஸ்க்கில் அடைத்தால் டிஸ்க்குக்கு 9 அல்லது 10. இரட்டை அடுக்கு, 8.5 ஜிபி என்று வைத்துக்கொண்டால் சுமார் 250 நிமிடத்துக்கு, ஒலியையும் சேர்த்து, நொடிக்கு 4.5 மெகாபிட்தான் கிடைக்கும். டிவிடி தாங்குவது 9.8 வரை. பேசும் முகத்துக்கு 4.5 தாராளம். புகை மண்டிய கிளப்பில் ஒவ்வொரு பிரேமும் முழுதாக மாறுவதால் திணறும். சுவரில் கட்டங்கள் நகர்வதுபோல் தெரிவது அதனால்தான். கறுப்பு வெள்ளை என்பதால் நிறத்துக்குப் பிட் செலவில்லை, அது ஒரு ஆறுதல்.

டிஸ்க்கை மாற்ற முடியாது, டிவியை மாற்றலாம்:

ஷார்ப்னஸ் பூஜ்யம் அல்லது அதற்குப் பக்கத்தில். அதை ஏற்றினால் மணலும் கட்டமும்தான் கூர்மையாகும். மோஷன் ஸ்மூத்திங், டைனமிக் கான்ட்ராஸ்ட் இரண்டையும் அணைக்கவும். கலர் அளவைப் பூஜ்யத்துக்கு இறக்கவும், டிஸ்க்கில் ஒட்டியிருக்கும் லேசான பச்சை, ஊதாச் சாயமும் பிளைண்ட்ஸ் மேல் ஓடும் வானவில்லும் மறைந்துவிடும்.

அதைவிட முக்கியம் எச்டிஎம்ஐ பிளாக் லெவல். கறுப்பு முதல் வெள்ளை வரையான அளவை பிளேயர் 16 முதல் 235 வரை அனுப்ப, டிவி 0 முதல் 255 வரை எதிர்பார்த்தால் கறுப்பு வெளிறிச் சாம்பலாகும். எதிர்மாறாக இருந்தால் கறுப்பு நிழல்களையும் விழுங்கும், சந்தில் நிற்பவன் தொப்பியே தெரியாது. பிளேயர், டிவி இரண்டிலும் 'லிமிடெட்' என்று ஒன்றாக வையுங்கள்.

தயவுசெய்து 4:3 படத்தை இழுத்து அகலமாக்காதீர்கள். 1080 உயரத்துக்கு 1440 அகலம்தான், இருபக்கமும் 240 புள்ளி கறுப்புப் பட்டை இருக்கத்தான் வேண்டும். 'ஜூம்' போட்டு நிரப்பினால் உயரத்தில் கால்பங்கு போய்விடும். கேமரா கோணத்துக்கு இவ்வளவு மெனக்கெட்ட தொடரில் தலையும் துப்பாக்கியும் சட்டத்துக்கு வெளியே போனால் எதற்குப் பார்ப்பது?

கணினியில் பார்ப்பவர்கள் விஎல்சி என்ற மென்பொருளில் டீஇன்டர்லேஸை 'ஆன்' செய்து 'யாடிஃப் 2எக்ஸ்' தேர்ந்தெடுங்கள். கார் ஓடும்போது சீப்புப் பல் போல் தெரிவது நின்றுவிடும்.

மழைக்கோட்டு

ராக்ஃபோர்டு ஃபைல்ஸ் என்ற இன்னொரு துப்பறியும் தொடரின் பழைய டிவிடியில் நடுவில் உறைகிறது என்று பலர் சொல்கிறார்களே, கீறலே இல்லாத டிஸ்க்கில்கூட?

கத்திரிக்கோல்

அது இரண்டு பக்கமும் படம் உள்ள டிஸ்க்கின் வியாதி, அந்தக் காலத்தில் பல தொடர்கள் அப்படி வந்தன. 1.2 மி.மீ. தடிமனில் 0.6 மி.மீ. தகடு இரண்டு ஒட்டியிருக்கும், பக்கத்துக்கு இரண்டு அடுக்கு. இரட்டை அடுக்கு டிவிடியில் முதல் அடுக்கு உள்ளிருந்து வெளி விளிம்புக்கு ஓடும், அங்கே திரும்பி இரண்டாவது அடுக்கு வெளியிலிருந்து உள்ளே வரும். ஆக அடுக்கு மாறும் இடம் விளிம்புக்குப் பக்கம். தகடு துளி வளைந்திருந்தாலும், ஒட்டு சரியில்லை என்றாலும் முதலில் திணறுவது அங்கேதான். நான்கு எபிசோடு உள்ள பக்கத்தில் இரண்டாவதின் கடைசியும் மூன்றாவதின் தொடக்கமும் உறைந்தால் காரணம் இதுவே. துடைத்துப் பயனில்லை. வேறு பிளேயரில், முக்கியமாகக் கணினி டிரைவில், சில சமயம் படிக்கும்.

திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன் எப்படிச் சோதிப்பது? முழுக்கப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு டிஸ்க்கிலும் நடு எபிசோடுகளின் கடைசி இரண்டு நிமிடத்தைச் சாதாரண வேகத்தில் ஓட்டுங்கள், பிறகு அடுத்த எபிசோடின் முதல் இரண்டு நிமிடம். வேகமாக ஓட்டினால் பிழை தெரியாது, பிளேயர் பாதியைத் தாண்டிவிடும்.

இரண்டு பக்க டிஸ்க்கில் விரல் வைக்க விளிம்பும் நடு ஓட்டையும்தான். துடைப்பதானால் மைக்ரோ ஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக. வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு ஓடும், பிழைதிருத்தத்தால் ஈடுகட்ட முடியாது. பற்பசை போட்டுத் தேய்க்கும் வைத்தியத்தைச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

ராக்ஃபோர்டின் 1974 பைலட் (தொடருக்கு முந்தைய சோதனை) படத்தில் நாயகனின் அப்பா ராக்கியாக வருபவர் ராபர்ட் டான்லி. நோவா பீரி தொடரில்தான் வருகிறார். அதைப் பார்த்து 'வேறு ஏதோ டிஸ்க் வந்துவிட்டது' என்று பயப்பட வேண்டாம்.

தெற்குவாசல்

இந்தியா, இலங்கையிலிருந்து வாங்குவோருக்கு: எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதற்கு டிஸ்க்கில் ஒரு ரீஜன் எண் பூட்டு உண்டு; அமெரிக்கப் பெட்டி பெரும்பாலும் ரீஜன் 1. நமக்கு ரீஜன் 5, சிங்கப்பூர், மலேசியாவுக்கு 3. மல்டி ரீஜன் பிளேயர் இல்லாமல் ஆர்டர் போடாதீர்கள். கணினி டிரைவில் ரீஜனை 5 முறைதான் மாற்றலாம், ஐந்தாவதாக வைத்தது அப்படியே பூட்டிக்கொள்ளும். அமெரிக்கப் பெட்டி என்டிஎஸ்சி, அதாவது அமெரிக்க டிவி முறை. மூன்று நிற ஒயரில் இணைத்த பழைய பால் டிவியில் என்டிஎஸ்சி போட்டால் கலர் வராமல் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். பீட்டர் கன்னுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை!

சப்டைட்டில் வேண்டுவோர் அட்டையைக் கூர்ந்து பாருங்கள். 'க்ளோஸ்டு கேப்ஷன்' குறி மட்டும் இருந்தால் அது படத்தின் 21ஆவது வரியில் ஒளிந்திருக்கும் எழுத்து. எச்டிஎம்ஐ வழியாக வராது. விஎல்சியில் போட்டு சப்டைட்டில் பட்டியலில் 'க்ளோஸ்டு கேப்ஷன்ஸ் 1' தேர்ந்தால் வரும். அந்தக் குறியும் இல்லையென்றால் காதை நம்ப வேண்டியதுதான். கன் முணுமுணுக்கிற ஆள், கவனம்.

நியான்

மைக் ஹாமர் என்ற இன்னொரு துப்பறியும் தொடரின் ரசிகர்கள் கன்னை முரட்டுத் துப்பறிவாளன் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 1958இல் டேரன் மெக்காவின் நடித்த ஹாமர் முதலில் அடிப்பான், பிறகு கேள்வி கேட்பான், 78 எபிசோடும் அப்படித்தான். கன் அடி வாங்கினாலும் சட்டை கசங்காது. ஆனால் கன்னின் ஊர் ஹாமரின் நியூயார்க்கைவிட இருட்டு.

மழைக்கோட்டு

கலவைப் பெட்டியில் எபிசோடுகள் வரிசைப்படி இருக்கின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரீல்பெட்டி

மதர் முகத்தைப் பாருங்கள். முதல் சீசனில் ஹோப் எமர்சன், ஆறடிக்கு மேல் உயரம், அவர் வந்தாலே கிளப் சின்னதாகிவிடும். இரண்டாவதில் மினர்வா யூரெகல். ஒரே டிஸ்க்கில் இருவரும் மாறி மாறி வந்தால் கலைத்து அடுக்கியிருக்கிறார்கள். கதைக்குப் பாதகமில்லை, ஒவ்வொன்றும் அன்றைக்கே முடிகிற கேஸ். 'தி கில்' என்ற முதல் எபிசோடை மட்டும் தேடி முதலில் போடுங்கள், தொடரை உருவாக்கிய பிளேக் எட்வர்ட்ஸ் தானே எழுதி இயக்கியது அது.