தோழியைப் பற்றித் தோழியே சொல்லும் திரில்லர்: 'நான்' என்று எழுதுவதை விட்டுவிடலாமா?

கேள்வி (கிருஷ்ணகிரி):
ஒரு உளவியல் திரில்லர் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரிக்கு சீசன் வேலைக்குப் போகும் இரண்டு தோழிகள், அதில் ஒருத்தி 'நான்' என்று கதை சொல்கிறாள். மற்றவள் இவள் சம்பளத்தை வாங்கி வைத்துக்கொள்கிறாள், இவள் போனை எடுத்துப் பேசுகிறாள், பெண் பார்க்க வந்தவர்களிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிடுகிறாள். சொல்பவளுக்கு எல்லாமே பாசமாகத் தெரிகிறது. படித்தவர்கள் 'இவ்வளவு ஏமாளியா?' என்கிறார்கள். படர்க்கைக்கு மாற்றிவிடலாமா?

பதில் (தருமபுரி):
மாற்ற வேண்டாம். 'என் நல்லதுக்குத்தான் செய்தாள்' என்று ஒவ்வொன்றுக்கும் அவளே விளக்கம் கொடுத்தால் எரிச்சல்தான் வரும். முதல் உதவி நிஜமான உதவியாக இருக்கட்டும்: குடிக்கிற அப்பா கையில் சிக்காமல் ஒரு வாரச் சம்பளத்தை அந்தத் தோழி உண்மையிலேயே காப்பாற்றிக் கொடுத்தாள், அந்த நன்றிக்கடன்தான் பின்னால் இவளை வாய் திறக்க விடாமல் செய்கிறது. அப்புறம் வாராவாரம் கொடுத்தது எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகட்டும். கழித்துப் பார்க்கிற வேலை வாசகருக்கு.

பதில் (ஓசூர்):
படர்க்கையிலும் இதைச் செய்யலாம். பாட்ரிசியா ஹைஸ்மித் 1955-இல் எழுதிய ரிப்ளி நாவல் படர்க்கைதான், ஆனால் கதை அதன் நாயகன் ரிப்ளியின் மண்டையை விட்டு வெளியே வராது. எனக்கு வேறு சந்தேகம். கதை சொல்கிறவளே விஷமாக இருந்தால்? ஜோயி ஹெல்லரின் 'நோட்ஸ் ஆன் எ ஸ்கேண்டல்' (2003) நாவலில் பார்பரா தன் சக ஆசிரியை ஷீபாவின் கதையைச் சொல்கிறாள், தான் இல்லாத இடங்களில் நடந்ததைக்கூட அவ்வளவு நுணுக்கமாக. அந்த நுணுக்கம்தான் படிக்கிறவரை நடுங்க வைக்கும். உங்கள் நாவலிலும் பெண் பார்க்க வந்தவர்களிடம் தோழி சொன்ன அந்த 'ஏதோ'வை, பிற்பாதியில் இவள் வார்த்தை பிசகாமல் சொல்லட்டும். உள்ளறையில் இருந்தவளுக்கு அது எப்படிக் கேட்டது?

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் வாசகர் யார் பக்கம் நிற்பார்?

பதில் (தருமபுரி):
யார் பக்கமும் நிற்க வேண்டாம், அடுத்த பக்கத்தைப் புரட்டினால் போதும். ஒன்று மட்டும்: அவள் சிலதை மறைக்கலாம், பொய்யும் சொல்லலாம், ஆனால் கண்டுபிடிக்கிற தடயம் அவள் பேச்சிலேயே இருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஒரு டைரியைக் கொண்டுவந்து வைத்துவிடாதீர்கள். சீசன் முடிந்து ஃபேக்டரி மூடும்போது இருவருக்கும் சேர்ந்து இருக்க ஒரு காரணமும் இருக்காதே, அந்த வாரத்தை நிதானமாக எழுதுங்கள்.