விஎஸ் கோட்: ஒன்றையொன்று வெட்டும் மடிப்புகளில் ஒன்று மட்டும் வருவதில்லை

கேள்வி:
சின்ன நிரல் மொழி ஒன்றுக்கு விஎஸ் கோட் எடிட்டரின் எக்ஸ்டென்ஷன் எழுதுகிறேன், மடிப்பு வரம்புகளை (எந்த வரி முதல் எந்த வரி வரை சுருக்கி மறைக்கலாம் என்பதை) நானே கணக்கிட்டுக் கொடுக்கிறேன். ஃபங்ஷனுக்குள் இஃப், அதற்குள் லூப் என்று எத்தனை அடுக்கு போனாலும் ஒழுங்காக மடிகிறது. ஆனால் முதல் ஃபங்ஷன் 10ஆம் வரி முதல் 40 வரை, அடுத்தது 42 முதல் 70 வரை, நடுவே ஒரு #ரீஜன் (நாமே குறித்துப் பெயரிடும் பகுதி) 25இல் தொடங்கி 60இல் முடிகிறது என்று வையுங்கள், அந்த ரீஜனுக்கு மட்டும் ஓரத்தில் அம்புக்குறியே வரவில்லை. பிழைச் செய்தியும் கிடையாது. இஃப்புக்குக் கீழே இருக்கும் எல்ஸும் மடிய மாட்டேன் என்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

பதில்:
எடிட்டர் வேண்டுமென்றே செய்வதுதான் இது. முன்னால் தொடங்கிய வரம்பை இன்னொன்று குறுக்கே வெட்டினால் பின்னால் வந்ததைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். ஒரே வரியில் இரண்டு தொடங்கினாலும் முதலாவதுக்குத்தான் இடம். காரணமும் நியாயமானதுதான்: முதல் ஃபங்ஷனை மடக்கினால் 25ஆம் வரியே மறைந்துவிடும், அப்புறம் ரீஜனின் அம்புக்குறியை எங்கே வைப்பது?

எல்ஸ் விஷயம் வேறு. `} else {` என்று ஒரே வரியில் எழுதியிருப்பீர்கள். இஃப்பின் கடைசி வரியும் எல்ஸின் முதல் வரியும் அதுவே, அதனால் அதுவும் மோதலாகத்தான் கணக்காகிறது. இஃப் வரம்பை ஒரு வரி முன்னாலேயே முடித்துவிடுங்கள், எல்ஸ் மடியும். மூடும் அடைப்புக்குறியும் கண்ணில் இருக்கும்.

கேட்டவர்:
எல்ஸ் சரியாகிவிட்டது, ரொம்ப நன்றி! ரீஜனை அப்படியே விட மனமில்லை. விம் எடிட்டரில் கிடைக்குமா?

பதில்:
விம்மிலும் கிடைக்காது. அங்கே ஒவ்வொரு வரிக்கும் மடிப்பு ஆழம் என்று ஒரே ஓர் எண்தான், அதை வைத்து உள்ளடுக்கைச் சொல்லலாம், குறுக்கு வெட்டைச் சொல்ல முடியாது. ஈமேக்ஸ் எடிட்டரின் ஓவர்லே (உரையின் ஒரு பகுதிமேல் போடும் அடுக்கு) மட்டும் உண்மையிலேயே ஒன்றன்மேல் ஒன்று படியும், ஆனால் பொதுவான பகுதியில் எதன் பேச்சு எடுபடும் என்பதை நீங்களே முன்னுரிமை கொடுத்துத் தீர்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் ரீஜனை வெட்டி இரண்டாக்குங்கள். திறந்திருக்கும் ஃபங்ஷன்களை ஒரு ஸ்டாக்கில் (கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் பட்டியலில்) வைத்துக்கொண்டு, ஃபங்ஷன் முடியும்போது உள்ளே ரீஜன் இன்னும் திறந்திருந்தால் அங்கேயே மூடி, அடுத்த ஃபங்ஷனின் முதல் வரிக்குப் பிறகு மறுபடி திறக்க வேண்டும். உங்கள் எடுத்துக்காட்டில், மூடும் வரியை விட்டுவிட்டால், ஃபங்ஷன்கள் 10–39, 42–69, ரீஜன் 25–39, 43–60. இரண்டு துண்டுக்கும் ரீஜன் என்ற வகையைக் கொடுத்துவிட்டால் கண்ட்ரோல்+கே, கண்ட்ரோல்+8 அழுத்தினாலே இரண்டும் சேர்ந்து மடியும்.

கேட்டவர்:
43ஆம் வரியில் சாதாரண நிரல்தானே இருக்கிறது, அங்கே அம்புக்குறி வந்தால் பயனருக்குக் குழப்பமாக இருக்காதா?

பதில்:
இருக்கும். துண்டு தொடங்கும் வரியின் முடிவில் ரீஜன் பெயரை மங்கலான எழுத்தில் காட்டுங்கள், டெக்கரேஷன் (எடிட்டர் திரையில் மட்டும் சேர்க்கும் அலங்காரம்) வழியாகவே செய்யலாம், கோப்பைத் தொட வேண்டியதில்லை.