கண்மாய் எழுத்துக்குக் கிடைத்த சமூக ஊடக விருது: என் அனுபவம்

சமூக ஊடக விருது வாங்கியவர்கள் அந்த நாள் எப்படி இருந்தது என்று எழுதுங்கள் எனக் கேட்டிருந்தீர்கள். வீடியோ போடுகிறவர்கள் பலர் எழுதிவிட்டார்கள். வலைப்பதிவு எழுதி அந்த மேடை ஏறியவர்கள் குறைவு. அதனால் நான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். 2012 கோடை விடுமுறையில் வலைப்பதிவு தொடங்கினேன். எங்கள் பக்கத்துக் கண்மாய்களைப் (பாசன ஏரிகளைப்) பற்றி மட்டும்தான் எழுதுவேன். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் எந்த மடைக்கு என்ன பெயர், நிறைந்த தண்ணீர் வெளியேறும் கலுங்கு எந்த மழைக்கு உடைந்தது, அப்படி மறுகால் போகும் தண்ணீர் அடுத்து எந்த ஊர்க் கண்மாயில் போய் விழும், மடைக்கு மடை தண்ணீர் பங்கிடும் முறை என்ன, இவ்வளவுதான் என் எழுத்து. வைகை கடைசியாக வந்து சேரும் பெரிய கண்மாயும் எங்கள் மாவட்டம்தான், 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பேர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாயும் எங்கள் மாவட்டம்தான். ஆயுள் முழுக்க எழுதினாலும் தீராது.

நான் எழுத வந்தபோது வலைப்பதிவுகளின் கூட்டம் ஃபேஸ்புக் பக்கம் நகரத் தொடங்கியிருந்தது. பலரின் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும், 2004-ல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகளில் பதிவை இணைத்துவிட்டால் கனடாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பின்னூட்டம் வரும் என்று மூத்த பதிவர்கள் சொல்வார்கள். அதன் கடைசிக் காலத்தைத்தான் நான் பார்த்தேன். 2015 அக்டோபரில் புதுக்கோட்டையில் நடந்த வலைப்பதிவர் திருவிழாவுக்குப் போயிருக்கிறேன். கணினித் தமிழ்ச் சங்கத்தார் ஊர்த் திருவிழா மாதிரியே எடுத்து நடத்தினார்கள். புனைபெயரில் மட்டும் தெரிந்தவர்கள் எதிரில் வந்து நின்று "நீங்கதானா அது?" என்று கேட்டுக்கொண்ட நாள் அது. போட்டிகளில் பரிசு வாங்கியவர்களுக்குப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். எழுத்தை ஒரு சபை மதிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது.

விருது விஷயத்துக்கு வருகிறேன். என் வாசகர் ஒருவர் எனக்குச் சொல்லாமலே பரிந்துரை அனுப்பியிருக்கிறார். ஒருநாள் மின்னஞ்சல் வந்தது: சென்னையில் சமூக ஊடக விருது விழா, நீர்நிலை, சுற்றுச்சூழல் பிரிவில் இறுதிப் பட்டியலில் இருக்கிறீர்கள் என்று. நான் முதலில் தேடியது, கட்டணம் எவ்வளவு கேட்டிருக்கிறார்கள் என்பதைத்தான். அதற்குக் காரணம் உண்டு. முன்பு வேறொரு விழாவிலிருந்து இப்படியே அழைப்பு வந்தது. பதிவுக் கட்டணம், மேசைக் கட்டணம், கேடயத்துக்குத் தனிக் கட்டணம் என்று ஒரு பட்டியலும் கூடவே வந்தது. பணம் கட்டி வாங்குவதற்கு விருது என்று பெயரில்லை. புதிதாக எழுத வருகிற பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: உங்களிடம் ஒரு ரூபாய் கேட்டாலும் போகாதீர்கள். இந்த முறை அப்படி எதுவும் இல்லை. போக வர ரயில் டிக்கெட் அவர்களே எடுத்துத் தந்தார்கள், உடன் ஒருவரை அழைத்து வரலாம் என்றார்கள்.

கூட யாரைக் கூட்டிப்போவது என்று நான் யோசிக்கவே இல்லை. எங்கள் ஊர் நீர்க்கட்டி ஐயாதான். கண்மாயில் எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் பாய்ச்சுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய அப்பாவும் அதே வேலை செய்தவர். என் பதிவுகளில் உள்ளதில் பெரும்பகுதி அவர் வாயால் வந்தது. "நான் அங்க வந்து என்ன தாயி பண்ணப்போறேன்" என்று மறுத்தார். "நீங்க இல்லாம நான் போகலைங்கய்யா" என்றேன். சேது எக்ஸ்பிரஸில் ஏறினோம். மானாமதுரை தாண்டும் வரை சன்னலோரம் உட்கார்ந்து, இருட்டில் மங்கலாகத் தெரிந்த ஒவ்வொரு கரையையும் பார்த்து அது எந்தக் கண்மாய் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அரங்கில் நுழைந்தால் முக்கால்வாசிப் பேர் இருபதுகளில் இருக்கிற பிள்ளைகள். அவர்களைப் பற்றிச் சிலர் அலட்சியமாகப் பேசுவதை எல்லா இடத்திலும் கேட்கிறோம். அன்று பக்கத்தில் உட்கார்ந்து பேசியதில் நான் கண்டது வேறு. எனக்கு அடுத்த இருக்கையில் தூத்துக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர். கடலுக்குப் போகிற குடும்பம். படகில் வலை இழுப்பதையும் மீன் தரம் பிரிப்பதையும் போனில் எடுத்துப் போடுகிறார். உப்புக்காற்றில் இதுவரை பல போன்கள் பாழாகிவிட்டனவாம். கரை வந்து சேர்ந்து, மீன் ஏலம் முடிந்து, ராத்திரி உட்கார்ந்து எடிட் செய்கிறார். யூடியூப் ஒரு லட்சம் பேர் சேர்ந்தால் வெள்ளிப் பட்டன் தருகிறது, பத்து லட்சத்துக்குத் தங்கம், ஒரு கோடிக்கு வைரம். 2021-ல் புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனல்தான் தமிழில் முதலில் ஒரு கோடியைத் தொட்டது. தனக்கு வெள்ளிப் பட்டன் வந்த அன்றைக்கு அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்ததாகத் தம்பி சொன்னார்.

நான் அவரிடம் காற்றைப் பற்றிக் கேட்டேன். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று வரிசையாகச் சொல்லி, எது எந்த மாதம், எதில் எந்த மீன் கிடைக்கும் என்று விளக்கினார். ஐயா உடனே முன்னால் சாய்ந்து, "கொண்டல் அடிச்சா எங்க கம்மாய்க்கு மழ உண்டு தம்பி" என்றார். அதற்குப் பிறகு இருவரும் பேசியதில் எனக்கு இடமே கிடைக்கவில்லை. மேடையில் யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள், இவர்கள் இருவரும் காற்றை வைத்து மழையைக் கணித்துக்கொண்டிருந்தார்கள். "தம்பி, இதை எழுதி வையுங்கள். வீடியோ ஓடி மறைந்துவிடும், எழுத்தைத்தான் தேடி எடுக்க முடியும்" என்றேன். எழுதத் தெரியாது என்றார். பேசிப் பதிவுசெய்து அனுப்புங்கள், நான் எழுத்தாக்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முதல் ஒலிப்பதிவு வந்துவிட்டது.

என் பிரிவு வந்தது. மேடையில் அரை நிமிடம்கூட இருந்திருக்க மாட்டேன். கேடயம், சால்வை, ஒரு புகைப்படம், இறங்க வேண்டியதுதான். ஐயாவையும் மேடைக்கு அழைக்க முடியுமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் முன்பே கேட்டிருந்தேன், நேரமில்லை என்றார்கள். அதனால் ஒலிவாங்கி கையில் கிடைத்த அந்தச் சில நொடியில், "இந்த எழுத்துக்குச் சொந்தக்காரர் மூன்றாவது வரிசையில் இருக்கிறார்" என்று மட்டும் சொன்னேன். அரங்கம் திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. ஐயா எழுந்து கும்பிட்டார்.

நான் உண்மையில் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது. சாப்பாட்டு இடத்தில் நடுவர்களில் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்தவர் வாழ்த்துச் சொல்லவில்லை. "குமிழித் தூம்பு பதிவில் சேறோடித் துளை மூன்று என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் இரண்டுதான் தெரிகிறது. மூன்றாவது எங்கே?" என்று கேட்டார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய கண்மாய்களில் கரையோர மடை தவிர, நீர்ப்பிடிப்புக்குள்ளேயே இரண்டு கல் தூண் நிற்கும். அவற்றின் அடியில் கல்தொட்டி இருக்கும். இதுதான் குமிழித் தூம்பு. தொட்டியின் மேல்மூடியில் உள்ளது நீரோடித் துளை, கீழே பக்கவாட்டில் உள்ளவை சேறோடித் துளைகள். மூடியைத் தூக்கினால் மேல்துளை வழியே தண்ணீர் இறங்கும், கீழ்த்துளைகள் வழியே அடியில் படிந்த வண்டலும் சேர்ந்து இழுபடும். இரண்டும் கரைக்கு அடியில் போகும் சுரங்கக் கால்வாய் வழியாக வயலுக்குப் போய்விடும். தண்ணீரும் பாயும், கண்மாயும் தூராது, வயலுக்கு உரமும் சேரும். பல தூண்களில் கல்வெட்டு உண்டு. நம் முன்னோர் கட்டியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் கோபுரத்தைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

அந்தப் பதிவை நான் எழுதிப் பல வருஷம் ஆகிறது. பின்னூட்டம் அதிகம் வந்ததில்லை. அதை ஒருவர் படத்தையும் எழுத்தையும் பக்கத்தில் வைத்து, துளையை எண்ணிப் படித்திருக்கிறார்! நான் பதில் சொல்லும் முன்பே ஐயா சொன்னார்: "மூணாவது மண்ணுக்குள்ள கெடக்குதுங்க. படத்துக்குத் தெரியாது. எளவட்டத்துல நான் முங்கிப் போயி கையவிட்டுப் பாத்துருக்கேன். தண்ணி இழுக்கயில காதுக்குள்ள ஒரு எரச்சல் கேக்கும். அப்ப கைய எடுத்துரணும். இல்லன்னா கையோட இழுத்துக்கிரும்."

பொறியாளர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, துளை எவ்வளவு அகலம், தொட்டி எவ்வளவு ஆழம், மூடியைத் தூக்க எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். ஐயா சாண் கணக்கிலும் முழக் கணக்கிலும் சொல்ல, அவர் செண்டிமீட்டருக்கு மாற்றிக்கொண்டார். அரங்கைப் பூட்ட வந்தவர்கள் விளக்கை அணைக்கும் வரை பேச்சு ஓயவில்லை. எனக்குக் கிடைத்த விருது என்று நான் நினைப்பது அந்தப் பேச்சைத்தான்.

இதனால்தான் ஓட்டெடுப்பு மட்டும் வைத்துத் தரும் விருதுகளில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. ஓட்டுப் போடுவது ரசிகர்களின் அன்பு, அதைக் குறை சொல்லவில்லை. 2024 மார்ச் 8-ல் டெல்லி பாரத் மண்டபத்தில் நடந்த தேசியப் படைப்பாளர் விருதுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் பரிந்துரை வந்ததாகப் படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. நம் ஊர்க் கீர்த்திகா கோவிந்தசாமி வரலாற்றைக் கதையாகச் சொல்லியே அங்கே சிறந்த கதைசொல்லி விருது வாங்கினார் என்று என் வகுப்பில் சொன்னேன், பிள்ளைகள் கண் விரியக் கேட்டார்கள். ஆனால் நாற்பது பேர் மட்டும் படிக்கிற பதிவு ஒன்று, பார்வை எண்ணிக்கையில் எந்தக் காலத்திலும் மேலே வராது. அதை உட்கார்ந்து படிக்க ஒரு மனிதர் வேண்டும். விருது நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒவ்வொரு பிரிவிலும் அந்தத் துறையில் வேலை பார்த்த ஒருவரையாவது நடுவராக வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஊர் திரும்பிய பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் சீமைக்கருவேல் மண்டித் தண்ணீரை மறித்துக்கொண்டிருந்தது. வருஷக்கணக்காக மனுக் கொடுத்து வந்தோம். மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தோம், கிராம சபையில் தீர்மானம் போட்டோம். ரசீது மட்டும் சேர்ந்துகொண்டே போனது. விருதுச் செய்தி பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் படத்தோடு வந்தது. அதற்கடுத்த வாரம் அலுவலகத்தில் எனக்கு நாற்காலி போட்டார்கள். அதே மனு, அதே வாசகம். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 கிராம சபைக்கு அதிகாரி நேரில் வந்தார். கொஞ்ச நாளில் ஜேசிபி வந்து வரத்துக்காலைச் சுத்தம் செய்தது.

சந்தோஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விருது வாங்காத ஊர்களின் மனு என்ன ஆகும்? ஐயா அதே குறையைத் தன் வாயால் எத்தனை முறை சொல்லியிருப்பார்? அவருக்கு யாரும் நாற்காலி போடவில்லையே. இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. இப்போதைக்கு நான் செய்கிறது ஒன்றுதான். பக்கத்து ஊர்க்காரர்கள் மனு எழுதினால் நானும் கூடப் போகிறேன். இந்தப் பெயருக்கு மதிப்பு இருக்கிற வரை அதை நாலு ஊருக்காவது பயன்படுத்திவிட வேண்டும்.

இன்னொன்று, எழுதுகிறவர்களுக்கு. திரட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தபோது நண்பர்கள் பலரின் பதிவுகள் தேடலில் சிக்காமலே போய்விட்டன. விருது கிடைக்குமோ இல்லையோ, உங்கள் பதிவு முழுவதையும் தரவிறக்கி இரண்டு இடத்திலாவது சேமித்து வையுங்கள். பிளாக்கர் அமைப்புகளிலேயே அதற்கு வசதி உண்டு. நான் பரிசுத்தொகையில் முதல் வேலையாகப் பதிவுகளைத் தாளில் அச்செடுத்து, கட்டுப்போட்டு, எங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு படியும் ஐயா வீட்டில் ஒரு படியும் வைத்தேன். எழுத்தே பார்க்காத அவர், பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டு, இரண்டு இடத்தில் மடைப் பெயருக்குக் கூடுதல் தகவல் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வரும் சித்திரையில் கண்மாய் வற்றியதும் பொறியாளர் ஊருக்கு வருகிறார். மண்ணைத் தோண்டி மூன்றாவது துளையை வெளியே எடுத்து அளவெடுக்கப் போகிறோம். ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் உங்கள் கண்மாய்க்குள் இரட்டைக் கல்தூண் நிற்கக் கண்டால் ஊர்ப் பெயரோடு ஒரு படம் அனுப்பிவையுங்கள். தொட்டியின் மூடி உடைந்திருந்தாலும் பரவாயில்லை.