புதுப்பிப்பு: லோகோவோட நிண்டு றீபூட் ஆகிற லினக்ஸ் போன், காரணம் பிடிபட்டிட்டுது

போன கிழமை எழுதினனான், என்ர லினக்ஸ் போன் லோகோ வந்து கொஞ்ச நேரத்தில தானா றீபூட் ஆகுது, இடைக்கிடதான் ஒழுங்கா எழும்புது, ஒரு லொக்கும் (போனில நடக்கிறதை எழுதிவைக்கிற பதிவு) மிஞ்சேல்ல எண்டு. லினக்ஸில லொக் எழுதிற சிஸ்டம்டீ ஜேர்னல், 'வார்/லொக்/ஜேர்னல்' ஃபோல்டர் இல்லாட்டி றாமிலதான் எழுதும், றீபூட்டோட எல்லாம் போயிடும். ஸ்டோரேஜை பெர்சிஸ்டன்ட் (டிஸ்கில நிரந்தரமா எழுதிற மாதிரி) ஆக்கிப்போட்டு 'ஜேர்னல்சிடிஎல் -பி -1' அடிச்சா முந்தின பூட்டின்ர லொக் வருது, ஆனா கடைசி வரிகள் இல்ல, ஏனெண்டா சாதாரண மெசேஜ்களை அது 5 நிமிசத்துக்கொருக்காத்தான் டிஸ்கில சிங்க் பண்ணும், கேர்னல் (லினக்ஸின்ர மையப் பகுதி) பனிக் ஆகி நொறுங்கேக்க அதுக்கு எங்க நேரம்.

உண்மையில கைகுடுத்தது றாம்ஊப்ஸ் எண்ட கேர்னல் வசதி. றாமில ஒதுக்கின ஒரு துண்டுக்குள்ள கேர்னல் எழுதும், சும்மா றீபூட் ஆனா அழியாது, பற்றரியைக் கழட்டினா போச்சு, கவனம். போன் ஒழுங்கா எழும்பின நேரம் 'சிஸ்/எஃப்எஸ்/பிஸ்டோர்' திறந்தன், பனிக் ட்ரேஸ் (நொறுங்கேக்க எந்தக் கோட் ஓடினது எண்ட பட்டியல்) முழுக்க வைஃபை டிரைவர்! அந்த டிரைவர் மொடியூலை பிளாக்லிஸ்ட் பண்ணி, தானா லோட் ஆகாம விட்டாப் பிறகு றீபூட்டே இல்ல.

போன பதிவுக்கு, பூட் மெசேஜ்களை கொம்பியூட்டரில பாக்க கொழும்பு யூனிட்டி பிளாசாவில சீரியல் கேபிள் தேடச் சொன்ன அண்ணா, அது தேவைப்படேல்ல, ஆனா பூட்லோடரிலயே (கேர்னலை எழுப்பிற புரோகிராம்) நிக்கிற போனெண்டா நீங்கள் சொன்னதுதான் வழி. ட்ரேஸை டிரைவர் எழுதிறாக்களுக்கு அனுப்பப்போறன்.