பிஎஃப் பிடிக்கிறார்கள், அதற்கு மேல் என்பிஎஸ்ஸும் சேரவா?

கேள்வி:
வயது 26, கோவையில் தனியார் கம்பெனி வேலை. அடிப்படைச் சம்பளம் 15,000, பிஎஃபுக்கு 1,800 பிடிக்கிறார்கள். இப்போது ஹெச்ஆர் ஒரு படிவத்தை நீட்டி என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) சேர்கிறீர்களா என்கிறார், உடன் வேலை பார்ப்பவரோ விபிஎஃப் (நாமே விரும்பி பிஎஃபில் கூடுதலாகப் போடும் பணம்) போடு என்கிறார். எதில் தொடங்குவது?

பதில் 1:
தம்பி, முதலில் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். கம்பெனியும் 1,800 போடுகிறது, ஆனால் அதில் 1,250 பிஎஃபோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு (இபிஎஸ், என்பிஎஸ் அல்ல) போய்விடும், 550 தான் பிஎஃபில் ஏறும். அந்த ஓய்வூதியம் மாதாமாதம் கிடைக்க 10 வருடச் சர்வீஸ் வேண்டும், அதுவும் சிறிய தொகைதான். அதனால் கூடுதலாகச் சேர்ப்பது அவசியம்.

பதில் 2:
விபிஎஃபுக்கும் பிஎஃப் வட்டியேதான், 2024-25க்கு 8.25 சதவீதம். ஆனால் கம்பெனி கூடுதலாக எதுவும் தராது. என்பிஎஸ்ஸில் பெரும்பகுதியைப் பங்குச்சந்தையில் போடலாம், ஏற்ற இறக்கம் இருக்கும், உங்கள் வயதுக்கு அதைத் தாங்கலாம். ஹெச்ஆரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கம்பெனி தன் பங்காகப் பணம் போடுமா, அது சம்பளத்துக்கு மேலா, இல்லை சிடிசிக்குள்ளேயே (கம்பெனி உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை) வெட்டுவார்களா? மேலே தருவதாக இருந்தால் யோசிக்காமல் சேருங்கள். இல்லையென்றால் என் ஓட்டு விபிஎஃபுக்கு, 1,000 ரூபாயில் தொடங்கினாலும் சரி.

பதில் 3:
அப்புறம், வேலை மாறினால் தயவுசெய்து பிஎஃபை எடுத்துவிடாதீர்கள். அதே யூஏஎன்னை (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) கொடுத்துப் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 5 வருடச் சர்வீஸ் முடியுமுன் எடுத்தால் வரியும் உண்டு. நாமினி பெயரை இன்றைக்கே பதிவு செய்யுங்கள்.