எச்ஐவி மாத்திரையை வேறு ஊர்க் கிளினிக்கில் வாங்க முடியுமா?

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். என் அண்ணனுக்கு 3 வருடமாக எச்ஐவி சிகிச்சை: டோலுடெக்ராவிர், டெனோஃபோவிர், லாமிவுடின். வைரஸ் அளவு பரிசோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டது. மருந்தில் குறையே இல்லை, வாங்கும் இடம்தான் பிரச்சினை.

மாதாமாதம் ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகிறது. அதனால் எஸ்பியூபி முறையில் (ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த மருந்தை வேறு அரசாங்கக் கிளினிக்கில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு) பக்கத்துக் கிளினிக்குக்கு மாற்றினோம். போன வாரம் கவுண்டரில் பெயரோடு மருந்தையும் சத்தமாகச் சொல்லிவிட்டார்கள். பின் பெஞ்சில் எங்கள் லயத்து அக்கா உட்கார்ந்திருந்தார். அண்ணன் மாத்திரையை வாங்காமலே மோட்டாரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

சரி, தபாலில் வாங்கலாம் என்றால் பார்சல் எல்லாம் தோட்ட ஆபிசுக்குத்தான் வரும், கிராணி (ஆபிஸ் குமாஸ்தா) மேலே எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார். டவுனில் 2 தனியார் ஃபார்மசியிலும் கேட்டேன், இந்த மருந்து வைப்பதில்லையாம். நான் போய் வாங்கினாலும் அதே கவுண்டர்தானே.

நேற்று இரவு அண்ணன் சமையலறை விளக்கடியில் டப்பாவைக் கவிழ்த்து எண்ணிக்கொண்டிருந்தார். மிச்சம் 11. ஒரு வேளைகூட விடக்கூடாத மருந்து இது.

எஸ்பியூபியைக் கோலகங்சார் பக்கம் ஒரு கிளினிக்குக்கு மாற்ற யாரிடம் கேட்க வேண்டும், ஈப்போ ஃபார்மசியிலா, இங்கேயா?