காற்றை வெளியேற்றும் திருகாணி

குடும்பக் குழு, சனிக்கிழமை

[காலை 7:10] நான்: மாமா, டீசலோடு பயன்படுத்திய சமையல் எண்ணெயிலும் ஓடும்படி இரண்டாவது தொட்டி வைத்த வேன் மறுபடியும் முரண்டு பிடிக்கிறது. டீசலில் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. எண்ணெய்த் தொட்டிக்கு மாற்றிய கால் மணி நேரத்தில், மேடு ஏறும்போது இழுவை போய்விடுகிறது. மூன்றாவது ஃபில்டரையும் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

[7:14] சித்தப்பா: எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் நாசில் போயிருக்கும். கழற்றிக் கொடுத்துவிடு.

[7:21] மாமா: நாசில் போயிருந்தால் டீசலிலும் காட்டும். மாப்பிள்ளை, வண்டிக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா?

[7:22] நான்: ஒரு சொட்டுக்கூட இல்லை. அதனால்தான் கசிவைப் பற்றி யோசிக்கவே இல்லை.

[7:26] மாமா: அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். தொட்டியிலிருந்து பம்பு வரை உறிஞ்சும் பக்கம். எஞ்சின் ஓடும்போது அங்கே ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். உறிஞ்சுகுழலில் கீறல் விழுந்தால் சட்டையில் ஒன்றும் சிந்தாது, வாயில் வெறும் காற்று வரும் அல்லவா?

[7:29] அக்கா: அப்படியானால் டீசலிலும் காற்று போக வேண்டுமே?

[7:34] மாமா: டீசலுக்குத் தனிக் குழாய், தனி ஃபில்டர் வைத்திருக்கிறான். அது மட்டுமல்ல, சூடேறாத தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டி. பம்பு தம் கட்டி இழுக்க வேண்டும். ஃபில்டரும் பாதி அடைத்துவிட்டால் அதற்கு அப்பால் உறிஞ்சல் இன்னும் பலமாகும். அதுவரை சும்மா இருந்த தளர்ந்த கிளாம்பு அப்போதுதான் காற்று வாங்கத் தொடங்கும். அடைப்பும் காற்றும் கைகோத்துக்கொண்டுதான் வரும்.

[7:36] அப்பா: 1900-இல் பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் எஞ்சினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டிவிட்டார்கள். இவனால் முடியவில்லை.

[7:38] மாமா: அந்த எஞ்சின் நின்ற இடத்தில் நின்று ஓடியது, அத்தான். இவனுடையது மேடு ஏற வேண்டும்.

[7:40] மாமா: மாப்பிள்ளை, ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண், பின்னால் ஒரு சாண், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸ் போட்டுப் பார். சோதனைக்கு மட்டும்தான். சூட்டில் அது இளகிவிடும், அப்படியே விட்டுவிடாதே.

[10:52] நான்: போட்டுப் பார்த்தேன். முன்னால் எண்ணெய் தேன்போலத் தெளிவாகப் போகிறது. பின்னால் குமிழிகள் ஊசிமுனை அளவில் வரிசையாக வருகின்றன. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒன்றோடொன்று சேர்ந்து பட்டாணி அளவு ஆகின்றன.

[10:55] மாமா: அப்படியானால் திருடன் ஃபில்டரிலேயே உட்கார்ந்திருக்கிறான். எஞ்சினை நிறுத்து, ஆறட்டும். தொட்டிக் குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சினைவிட உயரத்தில் ஒரு கேனைக் கட்டி, அதிலிருந்து ஃபில்டருக்கு எண்ணெய் விடு. இப்போது உள்ளே அழுத்தம் இருக்கும். காற்று நுழைந்த வழியாக எண்ணெய் தானே வெளியே வரும். அதற்கு முன் மேல்மூடியைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடு.

[மதியம் 12:31] நான்: கண்டுபிடித்துவிட்டேன்! மூடிமேல் இருக்கும் காற்றை வெளியேற்றும் திருகாணி. அதைச் சுற்றிக் கடுகு அளவு எண்ணெய் முத்து எழும்புகிறது. துடைத்தால் ஒரு நிமிடத்தில் மறுபடியும் வருகிறது.

[12:33] மாமா: அதன் அடியில் இருக்கும் செம்பு வாஷரை எப்போது மாற்றினாய்?

[12:34] நான்: வாஷரை மாற்ற வேண்டுமா?

[12:34] சித்தப்பா: 🤦

[12:37] மாமா: மூன்று முறை ஃபில்டரை மாற்றினாய். மூன்று முறையும் காற்றை எடுக்க அந்தத் திருகாணியைத் திறந்து மூடினாய். நசுங்கிய வாஷர் எத்தனை முறைதான் தாங்கும்? நீ செய்த வைத்தியமே நோயாகிவிட்டது. புதிதாக ஒன்று போடு. இறுக்கும்போது பலத்தைக் காட்டாதே, மரை போய்விடும்.

[12:40] அக்கா: அதெல்லாம் சரி, முதல் ஃபில்டர் ஏன் அடைத்தது?

[12:44] மாமா: அதைத்தான் கேட்க வந்தேன். பழைய ஃபில்டரை அறுத்துப் பார்த்தாயா?

[12:49] நான்: பார்த்தேன். மண், துகள் எதுவும் இல்லை. மடிப்புகளுக்குள் மெழுகுபோல வெளிர் மஞ்சளாக அப்பிக்கொண்டிருந்தது.

[12:53] மாமா: கொழுப்பு. எண்ணெயைச் சூடாக்கி வடிகட்டினாயா?

[12:54] நான்: ஆமாம். சூடாக இருந்தால் வேகமாக இறங்குகிறது.

[12:59] மாமா: வேகமாக இறங்கும். உருகிய கொழுப்பும் கூடவே துணியைக் கடந்து இறங்கும். ஆறியதும் வண்டி ஃபில்டரில் போய் உறையும். எண்ணெயை இரண்டு மூன்று வாரம் அசைக்காமல் வை. மேலே தெளிந்திருப்பதை மட்டும் எடுத்து, குளிர்ந்த நிலையிலேயே வடிகட்டு. கடைசிச் சுற்று 5 மைக்ரான் துளையுள்ள வடிகட்டிப் பையில். தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான், துணியை மட்டும் நம்பினால் போதாது. நீர் இருக்கிறதா என்று பார்க்க, வாணலியை நன்றாகக் காயவைத்து இரண்டு சொட்டு விடு. படபடவென்று வெடித்தால் நீர் இருக்கிறது. நீர் உள்ளே போனால், நாசிலுக்கு எரிபொருளைத் தள்ளும் இன்ஜெக்ஷன் பம்பு துருப்பிடித்துவிடும்.

[மதியம் 1:02] அம்மா: எந்த வாணலி?

[1:03] அம்மா: துணி என்கிறீர்களே, என் தலையணை உறை இரண்டைக் காணவில்லை. அதுவா?

[1:05] நான்: அம்மா, அது…

[1:07] அக்கா: தம்பி, அந்த எண்ணெய்த் துணிகளை எங்கே போட்டிருக்கிறாய்? குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியே தனித்தனியாக விரித்துப் போடு. இப்போதே போய்ப் பார்.

[1:08] நான்: போகிறேன்.

[மாலை 5:46] நான்: புது வாஷர் போட்டாயிற்று. தொடக்கத்தில் இரண்டு குமிழி வந்தது, பிறகு ஒன்றும் இல்லை. எஞ்சின் தண்ணீர் 70 டிகிரி தாண்டிய பிறகே எண்ணெய்க்கு மாற்றினேன். அதே மேடு, அதே கியர், திணறாமல் ஏறியது.

[5:48] மாமா: எண்ணெய் பம்பிலேயே தங்கிக் கெட்டியாகாமல் இருக்க, நிறுத்துவதற்கு முன் டீசலுக்கு மாற்றி ஐந்து நிமிடம் ஓட்டினாயா?

[5:55] மாமா: மாப்பிள்ளை?

[5:56] நான்: இதோ, மறுபடியும் ஸ்டார்ட் செய்கிறேன் மாமா.